தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஏழேகால் அடி

சாவி வாங்கிய அன்று எல்லாவற்றையும் பார்த்தோம். குழாயைத் திறந்து பார்த்தோம், டைல்ஸைத் தட்டிப் பார்த்தோம், பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்த்தோம். கீழே கார் நிறுத்தும் இடத்தை மட்டும் பார்க்கவில்லை. பெயின்ட்டில் 'பி-14' என்று எழுதியிருந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டோம்.

சென்னையில் மேடவாக்கம் பக்கம், 20 அடி தெருவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. ஸ்டில்ட் பிளஸ் 5, அதாவது கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தளம், மேலே ஐந்து மாடி. மூன்று பிளாக், 60 வீடு. குடிவந்த முதல் ராத்திரியே என் ஸ்விஃப்டின் வலது பக்கக் கண்ணாடி தூணில் உரசி மடங்கியது. உள்ளே விட்டுவிட்டேன், இறங்க முடியவில்லை. டிரைவர் கதவு திறக்கும் இடத்தில் சரியாக ஒரு தூண், இடது பக்கமும் ஒன்று. இடது தூணோடு ஒட்டி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வெளியே வரவேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி. அவரை கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

என்னைப் போல பாதிப்பேர் ஒரு மாதத்தில் காரைத் தெருவிலேயே விட ஆரம்பித்தார்கள். தெருவின் ஒரு பக்கம் எங்கள் கார்கள், மறுபக்கம் அடுத்த குடியிருப்புக்காரர்களுடையது. மிச்சம் இருந்தது ஒரு ஆட்டோ போகிற வழி. பிரச்சினை வெடித்தது தண்ணீர் லாரியால்தான். ஏப்ரலில் போர் தண்ணீர் உப்பாகி, 12,000 லிட்டர் லாரியை நம்பியிருந்த நேரம். காலை ஐந்தரைக்கு வந்த டிரைவர் அரை மணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஏழு மணிக்கு வாட்ஸப் குழுவில் நடந்த சண்டையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

அன்று மாலை முதல் வேலையாகப் பத்திரங்களை எடுத்தேன். கிரயப் பத்திரத்தில் யுடிஎஸ் எனும் பிரிக்கப்படாத நிலப் பங்கு மட்டும்தான், பார்க்கிங் பற்றி ஒரு வரி கிடையாது. கட்டுமான ஒப்பந்தத்தில் 'ஒரு கவர்டு கார் பார்க்கிங்' என்று இருந்தது. எண் இல்லை, அளவு இல்லை. இரண்டரை லட்சம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு நீள அகலம் எழுதவில்லை என்பதைக் கையெழுத்துப் போடும்போது நானும் கவனிக்கவில்லை.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட பிளான் வேண்டும். பில்டர் அலுவலகத்தில் கேட்டால் 'அனுப்பறோம் சார்' என்பார்கள், வராது. மூன்று முறை கேட்டபின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு: ஸ்டில்ட் தள வரைபட நகல், பணி நிறைவுச் சான்றிதழ் நகல். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஏ பிளாக் தம்பி ஒருவன் போனை நீட்டினான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் இணையதளத்தில் எங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால் பிளான் பிடிஎஃப்பாகவே இருந்தது! எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் ரெராவில் பதிய வேண்டும், பிளானையும் ஏற்ற வேண்டும். புக்கிங் செய்யும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

பிளானில் 66 கட்டங்கள். அறுபது வீட்டுக்கு அறுபது, காம்பவுண்டு சுவரை ஒட்டித் திறந்த வெளியில் ஆறு 'விசிட்டர்ஸ்'. தரையில் அந்த ஆறிலும் வீட்டு எண்களை எழுதியிருந்தார்கள். மூன்று பெட்ரூம் வீடு வாங்கிய ஆறு பேருக்கு இரண்டாவது கார் என்று பணம் வாங்கி விற்றிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் டேப்போடு இறங்கினோம். ஒருவர் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் சாக்பீஸால் தரையில் எழுத. பிளான்படி ஒவ்வொரு கட்டமும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பி பிளாக்கில் ஒன்பது இடங்களில் டேப் 2.2-லேயே நின்றது. ஏழேகால் அடி. ஸ்விஃப்டின் அகலம் 1.735 மீட்டர். கழித்துப் பார்த்தால் பக்கத்துக்கு 23 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவுதான். முப்பது சென்டிமீட்டர் எங்கே போனது என்று பில்டரின் சைட் இன்ஜினியரைக் கேட்டோம். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "சென்டர் டு சென்டர் சார். தூண் நடுவுலேர்ந்து தூண் நடுவு வரைக்கும் ரெண்டரை இருக்கா இல்லையா?" இருந்தது. தூணின் தடிமன்தான் அந்த முப்பது சென்டிமீட்டர். காகிதத்தில் கார் தூணுக்குள்ளும் நிற்கும்போல.

சி பிளாக் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற வக்கீல் சார் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சோடாபுட்டிக் கண்ணாடியோடு பிளானை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தூணை இடிக்க முடியாது தம்பி. அதைப் பிடிச்சுத் தொங்காதீங்க. விசிட்டர்ஸைப் பிடிங்க" என்றார். 2016 ரெரா சட்டத்தில் திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடம் என்றே எழுதியிருக்கிறது. பிளானில் உள்ள பொது இடத்தை மாற்ற வேண்டுமென்றால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. மும்பை வழக்கு ஒன்றில் 2010-ல் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சரக்காக பில்டர் விற்க முடியாது என்று சொன்னதையும் காட்டினார். அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு, அப்படியே பொருந்தாது, ஆனால் நோட்டீஸில் போட்டால் எதிராளி படிப்பான் என்று சிரித்தார்.

நோட்டீஸ் அனுப்புவதைவிடக் கஷ்டம் சொந்தக் கூட்டத்தில்தான். அந்த ஆறு பேரும் காசு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்களும்கூட. "நான் கொடுத்த மூணு லட்சத்துக்கு யார் பதில் சொல்றது?" என்று ஓர் அக்கா அழுதேவிட்டார். எனக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை. கார் இல்லாத நாலைந்து வீட்டுக்காரர்கள் தங்கள் இடத்தை வெளியாட்களுக்கு மாதம் இரண்டாயிரத்துக்கு விட்டிருந்த விஷயமும் அன்றுதான் வெளியே வந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முடிவானது: இடத்தைத் திருப்பிக் கொடுங்கள், பணத்தை பில்டரிடம் வாங்கித் தருவது சங்கத்தின் பொறுப்பு.

ஐந்து மாதம் இழுத்தது. நோட்டீஸ், பதில், பதிலுக்குப் பதில், ரெராவில் புகார் கொடுக்கப்போகிறோம் என்ற கடிதம். கடைசியில் ஐந்து பேருக்குத் தவணையில் பணம் வந்தது. ஆறாமவர் வெளிநாட்டில் இருக்கிறார், எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய சாம்பல் நிறக் கார் உறை போட்டு இன்றும் அங்கேயே நிற்கிறது, டயரில் காற்றில்லாமல்.

குறுகிய ஒன்பது இடங்களுக்கு எக்ஸல் ஷீட்தான் கைகொடுத்தது. யாரிடம் என்ன கார், எவ்வளவு அகலம் என்று பட்டியல் போட்டோம். வேகன் ஆர் 1.62 மீட்டர்தான், கிரெட்டா 1.79. சின்னக் கார் வைத்திருந்த ஏழு பேர் இடம் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். சும்மா இல்லை, வருஷத்துக்கு இரண்டு மாத மெயின்டனன்ஸ் தள்ளுபடி. மினிட்ஸ் புக்கில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். என் ஸ்விஃப்ட் இப்போது ஏ-6-ல் நிற்கிறது, அப்பா உள்ளேயே இறங்குகிறார். மீதி இரண்டு பேரில் ஒருவர் காரை விற்றுவிட்டார், இன்னொருவர் இன்னமும் தெருவில்தான். ஸ்கூட்டர்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை, அவை தூண்களுக்கு நடுவே எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே.

தண்ணீர் லாரி இப்போது வந்து போகிறது, முக்கால்வாசி நாள். மழைக்காலக் கதை வேறு. 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களில் எங்கள் குடியிருப்புக் கார்களும் நாலைந்து இருந்தன. இத்தனை பாடுபட்டு வாங்கிய இடத்தை விட்டு மேம்பாலத்துக்கு ஓடினோம்!

போன வாரம் பால் வாங்கப் போனபோது எதிர் மனையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டில்ட் பிளஸ் 5, போர்டில் படம் அழகாக இருந்தது. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே நுழைந்து, தூண் பெட்டி அடித்திருந்த இரண்டு இடத்துக்கு நடுவே அடி மேல் அடி வைத்து அளந்து பார்த்தேன். ஏழரை அடிகூட வரவில்லை.