ஹெரால்டு முன்சக்கரம்: கிரீஸ் வேண்டாம், ஆயில் ஊற்றுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இந்த முறை முன்சக்கர வேலை. பெயிண்ட், சீட்டு உறை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் காரில் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தான இடம், முன்சக்கரத்தின் கீழ்மூட்டான ட்ரன்னியன்தான். அதனால் அதைத்தான் முதலில் பிரித்தேன்.

இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார் இது. 1961 முதல் ஸ்டாண்டர்டு நிறுவனம் நம் சென்னையிலேயே தயாரித்தது. எஞ்சின் 948 சிசி. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. இதே அடிப்படையில் சேஸை மாற்றி, சக்கர இடைவெளியை 91.5 அங்குலத்திலிருந்து 83-ஆகக் குறைத்து 1962-இல் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். முன் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் ஒரே குடும்பம். லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் காரிலும் ட்ரையம்ஃபின் இந்த ட்ரன்னியன் அமைப்புதான் இருக்கிறது. பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்பக்கம் நம்ம ஊர்த் தெருவில் ஓடியிருக்கிறது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

பானெட்டு மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வீட்டில் ரிப்பேர் செய்பவனுக்கு இதைவிட வசதியான கார் கிடையாது.

சரி, ட்ரன்னியனுக்கு வருவோம். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் துண்டின் கீழ்முனையில் மரை போட்டிருக்கும். அது செம்புக் கலவையில் செய்த ஒரு கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அதற்காகச் சக்கரம் நிறைய மடங்க வேண்டும், மரையும் அந்த அளவுக்குச் சுழல வேண்டும். அங்கே எண்ணெய் இல்லையென்றால் இரும்பு துருப்பிடித்து, தேய்ந்து, ஒருநாள் மரைக்கு மேலே முறிந்துவிடும். சக்கரம் வெளியே மடங்கிக் கார் தரையில் உட்கார்ந்துவிடும்.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வருஷக்கணக்காக கிரீஸ் அடித்திருக்கிறார். வலதுபக்கம் கழற்றியபோது கிரீஸ் கீழே மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. மேல் மரைக்கு அது போகவே இல்லை. அங்கே தண்ணீர் நின்ற தடமும் செந்துருவும்தான். காசிமேட்டு உப்புக்காற்று ஒருபக்கம், ஐப்பசி மழையில் தெருவில் தேங்கும் தண்ணீர் ஒருபக்கம். இந்தப் பகுதியில் இந்தக் காரை வைத்திருப்பவர் இதை விட்டுவிடவே கூடாது.

கழற்றுவதில் பெரிய பாடு ட்ரன்னியனைப் பிடித்திருக்கும் கீழ் போல்ட்டுதான். உள்ளே இருக்கும் ஸ்டீல் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொண்டது. டீசல் ஊற்றி ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். சேஸைக் கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி கீழே கை விடாதீர்கள். ஸ்பேனர் எல்லாம் அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நட்டு மூலை மழுங்கும்.

இரும்புத் துண்டை மண்ணெண்ணெயில் கழுவி, தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் சிவப்பு டை அடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தோம். விரிசல் இல்லை. ஆனால் வலதுபக்கத்தில் மரைக்கு மேலே துரு அரித்த குழிகள் இருந்தன. "தம்பி, வெல்டு வச்சு கடைஞ்சு தரட்டுமா?" என்று கேட்டார் லேத் அண்ணன். "வேணாண்ணே, இதுல மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். ஸ்பிட்ஃபயருக்கு இன்னும் இங்கிலாந்தில் பாகங்கள் செய்கிறார்கள். பழையதை அளந்து, அதற்குப் பொருந்துவதாகப் பார்த்துப் புதுசு வரவழைத்தேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட முடியாது.

பூட்டும்போது மரையில் நன்றாக ஆயில் தடவி, கட்டியை முழுவதும் ஏற்றி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்தினேன். அப்போதுதான் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் கடைசிவரை தடையில்லாமல் திரும்பும். ரப்பர் வளையமும் புதுசு. கட்டியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, கிரீஸ் கன்னில் ஈபி 90 கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசிந்து வரும்வரை அடித்தேன். கசிந்து வந்தால்தான் எல்லா மரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் லேசாகிவிட்டது. திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேராகிறது, முன்பு அப்படி வராது. மழைக்கு முன் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை ஆயில் அடிப்பதாக வைத்திருக்கிறேன்.

அடுத்து பெட்ரோல் ஹோஸும் பம்பு டயாப்ரமும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. இடதுபக்க ஹோஸில் ஏற்கெனவே வெடிப்பு தெரிகிறது.