எழுதி வைக்காத ஆறு வருடங்கள்

மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறு வருடம் கழித்து, இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். கற்பித்தல் பகுதிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் எழுதியது நான்கு வரி.

வாரத்தில் நான்கு நாள் நோயாளியின் கட்டிலருகே நின்று பாடம் சொல்லியிருக்கிறேன். முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளை டியூட்டி முடிந்த இரவுகளில் திருத்தியிருக்கிறேன். மாணவர்கள் வரிசையாக ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சென்று செயல்திறனைக் காட்டும் ஆஸ்கி (OSCE) தேர்வுக்கு எத்தனையோ ஸ்டேஷன்கள் தயாரித்திருக்கிறேன். எதற்கும் தேதி இல்லை, எண்ணிக்கை இல்லை, மாணவர்களின் கருத்துப் படிவம் ஒன்றுகூட இல்லை. போதிய சான்று இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன். ஆனால் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் என் வார்டுக்கு வந்ததில்லை. அவர்கள் கையில் இருப்பது கோப்பு மட்டும்தான். வெளியிலிருந்து மதிப்பீட்டுக் கடிதம் எழுதுகிறவருக்கோ என் முகமே தெரியாது.

வேறு துறையின் மூத்த பேராசிரியை ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ எழுதின ஆஸ்கி கேஸெல்லாம் எங்கேம்மா?"

"கம்ப்யூட்டர்ல எங்கேயாவது இருக்கும் மேடம்."

"ஆஸ்கின்னு ஒண்ணு இருக்கறதே நமக்கு எப்படித் தெரியும்? ஹார்டன்னு ஒரு மருத்துவக் கல்வியாளரும் கூட இருந்தவங்களும் தாங்கள் தேர்வு வெச்ச முறையை 1975-ல கட்டுரையா எழுதினாங்க. அதனாலதான்."

அந்தப் பதில் என்னைப் புரட்டிப்போட்டது. கற்பிப்பதும் ஒருவகைப் புலமைதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இலேயே வாதிட்டிருக்கிறார் என்பதையும் அவர்தான் சொன்னார். ஆனால் அது புலமையாக எண்ணப்பட வேண்டுமானால் மற்றவர் பார்க்கவும், குறை சொல்லவும், எடுத்துப் பயன்படுத்தவும் முடிய வேண்டும். தேடிக் கிடைத்த பதினொரு கேஸ்களை மதிப்பெண் தாளோடு சீர்செய்து, சக ஆசிரியர்களின் மதிப்பாய்வுக்கு அனுப்பினேன். வந்த திருத்தங்களில் பாதி நியாயமானவை. என் கேள்விகள் அதன்பிறகுதான் தெளிவாயின.

புதிதாகச் சேர்கிறவர்களிடம் இப்போது முதலில் சொல்வது, வேலையில் சேர்ந்த மாதமே பதவி உயர்வு விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள் என்பதுதான். சிகிச்சையையும் கற்பித்தலையும் முதன்மையாகக் கொண்ட பிரிவுக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் கேட்கப்படும் சான்றுகள் வேறு. வெள்ளிக்கிழமை மாலை கால் மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று குறித்துவையுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஆர்சிட் (ORCID) எண் வாங்குங்கள். என் பெயர் மூன்று கட்டுரைகளில் மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது.

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். இதைச் சொல்லத்தான் இளையவர்கள் கூசுகிறார்கள். கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் வர மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒரு பெயரைச் சேர்க்க அதில் இடமில்லை. தரவு திரட்டிய ஜூனியரை எழுதும் வேலைக்கு அழைக்காமல் விட்டுவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டிப் பெயரை நீக்குவதும் தவறு.

முதல் வருடம் வரும் கமிட்டி அழைப்புகள்தான் பெரும் சிக்கல். மறுத்தால் மரியாதைக் குறைவாகுமோ என்று நான் ஐந்தில் உட்கார்ந்தேன். பாடத்திட்டக் குழு ஒன்றில்தான் என் வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருந்தது. மற்ற நான்கிலிருந்து வெளியே வர எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது ஜூனியர்களுக்கு அப்படி அழைப்பு வந்தால், "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு என் பேரைச் சொல்லிடுங்க" என்கிறேன்.