ஹைட்ரோட்ரீட்டர்ல கேட்டலிஸ்ட் மாத்துன அனுபவம்

கெமிக்கல் முடிச்சிட்டு பிளான்ட்டுக்குப் போகப்போற பசங்க சிலர் கேட்டாங்க, கேட்டலிஸ்ட் (ரியாக்ஷனை வேகப்படுத்துற பொருள்) சேஞ்ச்னா உள்ள என்னதான் நடக்கும்னு. மணலி பக்கம் ஒரு ரிஃபைனரி ஷட்டவுன்ல காண்ட்ராக்டர் சைடுல நின்னேன், ஹைட்ரோட்ரீட்டர், அதாவது ஹைட்ரஜன் வச்சு டீசல்ல இருக்கிற சல்ஃபரை எடுக்கிற ரியாக்டர். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 புகை விதி வந்ததுல இருந்து டீசல்ல சல்ஃபர் 10 பிபிஎம் தாண்டக்கூடாது, பிஎஸ்-4ல 50 வரைக்கும் விட்டாங்க. இப்போ பெட்ல (உள்ள கொட்டி வச்சிருக்கிற கேட்டலிஸ்ட் அடுக்கு) ஒரு ஓரமா கொஞ்சம் எண்ணெய் ரியாக்ட் ஆகாம நழுவுனாலே லேப் ரிப்போர்ட்ல மாட்டிக்கும்.

பழசை எடுக்குறதுதான் நிஜமாவே பயம். ஓடி முடிச்ச கேட்டலிஸ்ட்ல அயர்ன் சல்ஃபைடு இருக்கும், காத்து பட்டா தானா சூடாகி பத்திக்கும், அதனால உள்ள பூரா நைட்ரஜன், அதுக்குள்ளதான் ஆள் இறங்கணும், பூட்டுன ஹெல்மெட், மூச்சுக்கு வெளிய இருந்து ஹோஸ். வாசனையே இல்லாத கேஸ், ரெண்டு மூச்சு இழுத்தா சாஞ்சிருவான். மேஸ்திரி எர்ணாவூர்க்காரர், "தம்பி, உள்ள எவனாச்சும் விழுந்தான்னா நீ குதிக்காத, கயித்தப் புடிச்சு இழு, அவ்ளோதான்"னு தினமும் சொல்லுவாரு. பெர்மிட்ல அத்தனை பக்கம் போட்டிருந்ததும் அதேதான்.

புதுசு கோபால்ட்-மாலிப்டினம், அலுமினா மேல ஏத்துனது, நீலமா உடைச்ச சேமியா மாதிரி இருக்கும். ஈரம் ஆகவே ஆகாது. நாங்க லோட் பண்ணது ஐப்பசி அடைமழையில (யாரு பிளான் போட்டாங்களோ), இருட்டுனா மேன்வேய (ஆள் இறங்குற வாய்) மூடி தார்பாய் கட்டிட்டு கீழ இறங்கு, வெறிச்சா மறுபடி மேல ஏறு. அடியில பெரிய செராமிக் பால், அதுக்கு மேல சின்னது, அப்புறம் கேட்டலிஸ்ட். கேன்வாஸ் குழாய்ல இறக்குனா சாக் லோடிங், சுத்துற மெஷின்ல தூவுனா டென்ஸ் லோடிங், டென்ஸ்ல அதே ரியாக்டர்ல பத்து சதவீதத்துக்கு மேலயே கூட பிடிக்கும். ஆனா மட்டம் முக்கியம். மேல ஃபிளேஞ்ச்ல இருந்து நாலு பக்கமும் டேப் விட்டு ஆழம் எடுத்து, இதுவரை எத்தனை டிரம் போச்சுன்னு வச்சு டென்சிட்டி போட்டுப் பாக்கணும், மறுபடி கொட்டணும், மறுபடி அளக்கணும். லூசா விழுந்த இடத்துல எண்ணெய் அதிகமா ஓடும், ஓடாத இடம் ஹாட் ஸ்பாட் ஆகும். காலேஜ்ல பிளக் ஃப்ளோன்னு (எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல ஓடுதுன்னு) அஸ்யூம் பண்ணிட்டு ஒரே வரியில தாண்டுவோம்ல, அது நிஜமாகுறதே இந்த டேப் பிடிக்கிற வேலையிலதான்.

அடுத்து சல்ஃபைடிங். ஆக்சைடா வர்றத சல்ஃபைடா மாத்துனாதான் வேலை செய்யும். டீசலோட டிஎம்டிஎஸ் (டைமெத்தில் டைசல்ஃபைடு) விடுவாங்க, எடையில 68 சதவீதம் சல்ஃபர், அழுகுன பூண்டு நாத்தம், எம்எஃப்எல் ஸ்டாப்ல பஸ் ஏறுனா பக்கத்து சீட்டுக்கு ஆளே வராது. ரீசைக்கிள் கேஸ்ல (சுத்திச் சுத்தி வர்ற ஹைட்ரஜன்) ஹெச்2எஸ், அதாவது டிஎம்டிஎஸ் உடைஞ்சு வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு, தெரியற வரைக்கும் 230 டிகிரி தாண்ட விடமாட்டாங்க, அவசரப்பட்டு சூடேத்துனா ஹைட்ரஜன் அந்த ஆக்சைடை வெறும் உலோகமா ரெடியூஸ் பண்ணிடும். அப்புறம் மெதுவா 320க்கு மேல. ஹெச்2எஸ் விஷயத்துல மூக்க நம்பாதீங்க, 100 பிபிஎம்லயே மரத்துடும், மீட்டர் மட்டும்தான். எனக்குப் பிடிச்சது தண்ணிக் கணக்கு. ஒரு மாலிப்டினம் ஆக்சைடு சல்ஃபைடானா மூணு தண்ணி வரும், செப்பரேட்டர்ல சேர்றத அளந்துட்டே வந்தா உள்ள எவ்ளோ முடிஞ்சிருக்குன்னு வெளிய நின்னே சொல்லிடலாம்.

முடிஞ்சதும் புரொடக்ஷன் ஆளுங்க உடனே கிராக்டு ஃபீடு (கனமான எண்ணெயை உடைச்சு எடுத்தது) விடணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. புது கேட்டலிஸ்ட் ரொம்ப வேகமா இருக்கும், அந்த எண்ணெய் பட்டா கோக் (கரி) படிஞ்சு ஆரம்பத்துலயே பாதி செத்துரும், முதல் சில நாள் ஸ்ட்ரெய்ட்-ரன் டீசல் (கச்சா எண்ணெயைக் காய்ச்சி நேரா எடுத்தது) மட்டும்தான். கேட்டலிஸ்ட் கம்பெனிக்காரர் அசையல, நல்லவேளை. அப்புறம் கிராக்டு ஃபீடு வந்தப்ப ஒரே மட்டத்துல இருந்த தெர்மோகப்பிள் (சூடு அளக்குறது) எல்லாம் பக்கத்து பக்கத்துல ரீடிங் காட்டுச்சு, சல்ஃபரும் பத்துக்குள்ள. மழையில டேப் பிடிச்ச கடுப்பு அப்பதான் போச்சு.