தொட்டி வரை வாரியம், தொட்டிக்குக் கீழே ஊராட்சி

சாயல்குடிப் பக்கம் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. போர் போட்டால் உப்பு, ஊருணி கோடையில் வற்றிவிடும். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற தண்ணீர்தான் கதி. கடைசித் தெருவான எங்கள் தெருக் குழாயில் அதுவும் நின்று, காற்றுதான் வந்தது.

மனு எழுதுமுன் யாருக்கு எதுவரை அதிகாரம் என்று பார்த்தேன். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971இல் அமைந்தது. சென்னைக்கு மட்டும் தனி வாரியம். ஆற்றில் எடுத்துச் சுத்திகரித்து ஊர்த்தொட்டி வரை தள்ளுவது வாரியத்தின் பாடு. அதற்கு ஊராட்சியிடம் கட்டணமும் வாங்கும். தொட்டியில் விழுந்த தண்ணீரைத் தெருவுக்குப் பிரிப்பது ஊராட்சி. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு இதைக் கடமை என்றே சொல்கிறது. 'நிதி வரம்புக்கு உட்பட்டு' என்று ஒரு வாலும் உண்டு, அது வேறு கதை.

ஒரு அலுவலகத்தில் "தண்ணி விட்டாச்சு" என்றார்கள், இன்னொன்றில் "வரவே இல்லை" என்றார்கள். சரி, எழுத்தில் வாங்கிவிடுவோம் என்று தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போனேன். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் பிடிகொடுக்க மாட்டார்கள். ஆவணத்தைக் கேட்க வேண்டும். எங்கள் தொட்டி மீட்டரின் மாதாந்திர ரீடிங் நகல் கேட்டேன். 30 நாள் கெடுவுக்குள் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிற, மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கோடு பெருக்கிப் பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை.

ஆக, கோளாறு ஊருக்குள்தான். டேங்க் ஆபரேட்டர் அண்ணனோடு லைன் பார்த்தபடி நடந்தேன். தொட்டியடித் தெருவில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். எங்கள் தெருவுக்குப் பிரியும் கேட் வால்வு உப்புக் காற்றில் துருவேறிப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அண்ணன் சாவியைப் போட்டுத் தொங்கியே காட்டினார். "நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

அடுத்து மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து உட்கார, அந்தக் கவலை தீர்ந்தது. பேச்சு நடக்கும்போதே கையெழுத்து நோட்டு சுற்றி வரும். தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகுதான் கையெழுத்து என்று அக்காமார் அடம்பிடித்தார்கள். நல்ல வேளை! வால்வு மாற்றுவது, மோட்டார்களை அகற்றுவது, தெருவாரியாக முறை வைப்பது எல்லாம் அந்த நோட்டில் ஏறியது.

தீர்மான நகலை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று. வால்வு மாற்றியாயிற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. மோட்டார்கள் சில ராத்திரியில் இன்னும் ஓடுகின்றன. மே 1 கிராம சபையில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.