சஃபாரியில் தொலைந்துபோன வோல்ட்

எங்கள் 2008 டாடா சஃபாரி கார் காலையில் கிளம்ப அடம்பிடிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆயிற்று. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மூட்டை தூக்குகிறவர் மாதிரி முனகும். நாலாவது முனகலில்தான் என்ஜின் பிடிக்கும். பேட்டரி என்றார்கள், மாற்றினேன். இரண்டு வாரம் சுமாராகப் போய், மறுபடியும் அதே முனகல். கடையில் சண்டை போடக் கிளம்பியவனைத் தடுத்தவர் தெருமுனையில் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவர்.

"பேட்டரி மேல பழி போடாத தம்பி. கடல் பக்கத்துல வீட்ட வெச்சிகிட்டு எர்த்து பாக்காம இருந்தா எப்படி?"

வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலை ஒட்டி. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். முதலில் ஓம்ஸில் (தடை அளக்கும் இடத்தில்) வைத்து எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப வழிவிடும் பட்டையை, அளந்தால் 0.2 ஓம். நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் மீட்டர் வயரின் இரண்டு முனைக்கம்பியையும் (ப்ரோப்) ஒன்றோடொன்று முட்டவிட்டுப் பார்த்தால் அதுவும் 0.2! நான் அளந்தது மீட்டர் வயரைத்தான். டீசல் என்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்ப்பியர் இழுக்கும். வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 200 ஆம்ப்பியருக்கு 2 வோல்ட் போய்விடும். அவ்வளவு சின்னத் தடை சாதா மீட்டரின் கண்ணில் படாது.

பெரியவர் சொன்ன முறை வேறு. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு ப்ரோபை பேட்டரி நெகட்டிவின் ஈய முனையிலேயே (அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கக் கூடாது), சிவப்பை என்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். மகளைச் சாவி திருகச் சொன்னேன். எர்த் சரியாக இருந்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது, 1.6 காட்டியது. அவ்வளவும் எர்த் வழியில் தொலைகிறது. அதே முனகலின்போது பேட்டரி முனைகளில் 10.5 வோல்ட் இருந்தது. பாவம், பேட்டரி மேல் தப்பே இல்லை.

என்ஜினிலிருந்து சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) போகும் பின்னல் எர்த் பட்டை பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. போல்ட் மாட்டும் முனை வளையத்தின் (லக்) ஓரத்தில் விரலால் மடக்கினேன். பச்சைத் தூள் கொட்டி, பாதி இழை கையோடு வந்தது. சேஸிஸ் பக்கத்து போல்ட்டுக்கு ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவிட்டும், 13 ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியதில் தலை மட்டும் தனியாக வந்தது. நல்லவேளை, ஒரு சாண் தள்ளி சேஸிஸில் காலி ஓட்டை ஒன்று கிடந்தது. அங்கே பெயிண்டைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவைத்தேன். உப்பு செய்த வேலையை உப்புத்தாளால் சரிசெய்கிறேன் என்று நானே சிரித்துக்கொண்டேன்.

பேட்டரி கேபிள் லக்கிலும் களிம்பு. "செம்புக் குடத்துக்குப் போடற மாதிரி புளி போடுங்களேன்" என்றாள் மனைவி. கேலி என்று நினைத்தேன், பளிச்சென்று ஆகிவிட்டது. புளிப்பு தங்கினால் மறுபடி அரிக்குமே என்று ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். பட்டைக்குப் பதிலாக 35 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள், இரண்டு முனையிலும் லக் அழுத்தி, மேலே வாசலின். திரும்ப அளந்தால் 0.18. தொட்டவுடன் ஸ்டார்ட்.

இந்த ருசி கண்டபின் ஹெட்லைட்டை விடுவேனா? இரவில் பாண்டிச்சேரி ரோட்டில் மஞ்சளாக அழுதுகொண்டு வரும். 100 வாட் பல்பு போடச் சொன்னவர்கள் உண்டு. ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். பல்பு முனையில் அளந்தேன்: என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9, பல்பில் 11.1. ஹாலோஜனில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மடமடவென்று விழும். இந்தக் கணக்குக்குச் சுமார் பாதி வெளிச்சம்தான் வந்திருக்கும்.

ரிலே போட்டேன், அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதன் முனைகளுக்கு எண் உண்டு. பழைய சுவிட்ச் வயர் 85, 86-ஐ மட்டும் இயக்கும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு வந்து 87-ல் போகும். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் வலது லைட் ஜோர், இடது பழையபடியே. அரை மணி நேரம் ரிலேயைத் திட்டிவிட்டு, அப்புறம்தான் உறைத்தது: இடது விளக்கின் எர்த் இன்னும் பழைய துருப்பிடித்த ஸ்க்ரூவில். இரண்டு எர்த்தையும் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தேன். இப்போது 13.3, அதே 55 வாட் பல்பு.

அன்று இரவே பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி கிருமாம்பாக்கம் வரை போய்வந்தேன். டிப்பிலேயே ரோட்டோர வெள்ளைக்கோடு தூரத்துக்குத் தெரிகிறது. பின்கதவு சென்ட்ரல் லாக் இரண்டு வருஷமாக வேலை செய்யவில்லை. மோட்டார் போச்சு என்று விட்டிருந்தேன். அடுத்த ஞாயிறு மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.