நாலுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில்

“பல்லோட தோற்றம் திருப்தியா இருக்காக்கா?”

“நல்லா இருக்கு டாக்டரம்மா.”

படிவத்தில் ஐந்துக்கு நாலு என்று வட்டமிட்டாயிற்று. கால் மணி நேரம் கழித்து அதே அக்காவிடம் கைக்கண்ணாடியும் 100 மி.மீ. கோடு அச்சிட்ட தாளும் கொடுத்து, திரைக்குப் பின்னால் தனியாகக் குறிக்கச் சொன்னோம். இடது ஓரம் ‘ரொம்ப மோசம்’, வலது ஓரம் ‘ரொம்ப நல்லா இருக்கு’. பேனா நின்றது 31-இல்.

கடலுக்குள் பாசி எடுக்கப் போகிறவர். பாம்பன் பல் மருத்துவ முகாமில் அப்போதுதான் அவருக்கு ஸ்கேலிங் முடிந்திருந்தது. கேட்டது நான், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. காசு வாங்காமல் பல்லைச் சுத்தம் செய்தவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? நாலு மரியாதைக்குச் சொன்னது, 31தான் உண்மை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிறகுதான் அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது. ‘பல்லு நல்லா இருக்கு’ என்றால் நம் பேச்சில் வலியில்லை, ஆட்டமில்லை, முறுக்கு கடிக்கலாம் என்று அர்த்தம். அதற்கு முன் கேட்டதெல்லாம் வலி, கூச்சம், ரத்தக் கசிவு பற்றித்தான். அதே வரிசையில் ‘தோற்றம்’ என்ற ஏட்டுச் சொல்லைப் போட்டால் அது காதில் விழுமா? ‘பார்க்க எப்படி இருக்கு’ என்று, அதையும் முதல் கேள்வியாக, சிகிச்சைக்கு முன்பே, மருத்துவம் பார்க்காத ஒருவர் கேட்டிருக்க வேண்டும். வாய், பல் கோளாறு அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் ஓ.ஹெச்.ஐ.பி-14 என்ற கேள்வித்தாளும் இதற்குக் கைகொடுக்காது. அதன் பதினான்கு கேள்விகளும் பல்லால் வந்த தொந்தரவு எத்தனை தடவை என்றுதான் கேட்கின்றன. மொத்தம் 0 முதல் 56 வரை வரும் எண்ணில் அழகு தனியாகத் தெரியாது.

அதற்காக 31-ஐ அப்படியே நம்பவும் முடியவில்லை. ஸ்கேலிங்கில் வெற்றிலைக் காவி போகும். ஃப்ளோரைடு தண்ணீரால் எனாமலுக்குள்ளேயே படிந்த பழுப்பு போகாது. காவி போனதும் அந்தத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் முகத்தருகே கண்ணாடியைப் பிடித்தால், பேசும் தூரத்தில் எவர் கண்ணிலும் படாததெல்லாம் தெரிகிறது. பேனா பிடித்துப் பழகாத கைக்குக் கோட்டின் அர்த்தமும் உடனே பிடிபடாது. ‘இன்னைக்கு வெயில் எவ்வளவு’ என்று ஒரு பயிற்சிக் கோடு முதலில் போட வைக்கவேண்டும். அன்று அவசரத்தில் அதை விட்டுவிட்டோம். ஜெராக்ஸில் கோடு சுருங்கி 97 மி.மீ. ஆகியிருந்ததையும் சாயங்காலம் அளவுகோல் வைத்தபோதுதான் பார்த்தோம். அது சின்னப் பிழை, கணக்கில் சரிசெய்யலாம். கண்ணாடியைச் சரிசெய்ய முடியாது.

எழுந்து போகும்போது அக்கா சிரித்தார், முந்தானை வாய்க்குப் போனது. பல்லை மறைத்தாரா, சின்ன வயதிலிருந்து வந்த பழக்கமா? அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமே இல்லை.

நேரில் கேட்ட பதிலைத்தான் எடுக்கவேண்டும் என்பது விதி. நாலு என்றே அனுப்பினேன். கோடு போட்ட தாள் அதன் பின்னால் பின் அடித்தபடி இருக்கிறது.