மூணாவது தடவைதான் ஸ்கேன் உருப்படியா வந்துச்சு

எக்சர்சைஸ் முடிச்ச கையோட மூளையில என்ன மாறுதுன்னு பாக்குற ஒரு ஆராய்ச்சிக்கு வாலண்டியரா போயிட்டு இருக்கேன். ஒரு எம்ஆர்ஐ, அப்புறம் 30 நிமிஷம் சைக்கிள், உடனே திரும்ப எம்ஆர்ஐ, அவ்வளவுதான். ஆனா எனக்கு ரெண்டு நாள் வீணாப் போச்சு, அந்தக் கடுப்பு இன்னும் தீரல.

முதல் நாள் வாசல்லயே நிறுத்திட்டாங்க. காபி குடிச்சீங்களான்னு கேட்டாங்க, குடிச்சேன்னேன். காஃபின் மூளைக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைச்சிடும், இவங்க அளக்குறதே அதைத்தான், அதனால இன்னிக்கு வேணாம்னுட்டாங்க. நியாயம்தான், ஆனா மெயில்ல ஒரு வரி போட்டிருக்கலாம்ல? கேட்டதுக்கு "ஃபார்ம்லயே இருக்கே, பாக்கலையா"ன்னாங்க அங்க இருந்த மேடம். அங்கயே உக்காந்து 6 பக்கமும் படிச்சேன், எங்கயும் இல்ல, கொண்டுபோய்க் காட்டினப்புறம்தான் வேற தேதி குடுத்தாங்க.

ரெண்டாவது நாள் டிஷர்ட்ல ஆரம்பிச்சுச்சு. வியர்வை வாடை வராம இருக்க சில ஜிம் துணியில வெள்ளி இழை போட்டிருப்பாங்க, அது மெஷினுக்குள்ள சூடாகி தோலைச் சுட்டுடும், அதனால கவுன் மாத்தச் சொன்னாங்க. சைக்கிள் நல்லாவே போச்சு. இறங்கின உடனே, லேட்டானா எஃபெக்ட் குறைஞ்சிடும்னு அவசர அவசரமா படுக்க வச்சு முகத்துக்கு மேல ஸ்கேன் சிக்னலைப் பிடிக்கிற கூண்டை மாட்டிட்டாங்க, எனக்கோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, நெத்தி வியர்வை காதோரமா வழியுது, துடைக்கக் கையைத் தூக்க முடியல. முடிஞ்சதும் தலை எவ்வளவு ஆடுச்சுங்கிற கிராஃபை டெக்னீஷியன் காட்டினார். முதல் ஸ்கேன்ல கோடு நேரா இருக்கு, ரெண்டாவதுல ரம்பப் பல்லு மாதிரி. தலை சில மில்லிமீட்டர் ஆடினாலே அந்த டேட்டா உதவாதாம்.

போறவங்க தயவுசெஞ்சு கவனிங்க. காபி எத்தனை மணி நேரம் முன்னாடி நிறுத்தணும்னு நீங்களே கேட்டுக்கோங்க, தினமும் குடிக்கிறவங்க ரொம்ப முன்னாடியே விட்டுட்டா ரத்த ஓட்டம் கூடிடும், அதுவும் தப்பு. காட்டன் துணி போட்டுட்டுப் போங்க. படுக்குறதுக்கு முன்னாடி டவல் கேட்டு முகம், கழுத்து, காது எல்லாம் நல்லா துடைச்சுக்கோங்க, தலைக்கு ரெண்டு பக்கமும் பஞ்சு மெத்தை இறுக்கமா வைக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

மூணாவது தடவை இதெல்லாம் பண்ணேன். டெக்னீஷியன் ஸ்பீக்கர்லயே "சூப்பர், ஆடவே இல்ல"ன்னார், அப்படியே எந்திரிச்சு அவர் கையைப் பிடிக்கணும் போல இருந்துச்சு!

இன்னும் சைக்கிளே மிதிக்காம சும்மா உக்காந்துட்டு ஸ்கேன் எடுக்குற நாள் ஒண்ணு பாக்கி இருக்கு, ஒப்பிட்டுப் பாக்க அது வேணுமாம். காபி விஷயம் மட்டும் நேத்தே மெயில் போட்டு எழுத்துல வாங்கி வச்சுட்டேன்.